ஏழு நாள், தொடர்ச்சியாக

கொட்டாஞ்சேனையில் அழகுமுத்துவின் வீடு ஓர் அறையும் ஒரு குசினியும்தான். அந்த ஓர் அறையில் மூன்று சுவர் மணிக்கூடுகள் தொங்கின. மூன்றும் ஒரே அளவு, மூன்றுக்கும் ஒரே நீல விளிம்பு. மூன்றையும் கொண்டுவந்தவள் மகள் அனுஷியா.

வெள்ளவத்தையில் அவள் வேலை செய்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வருட முடிவில் முதலாளி யோகநாதன் எல்லோரையும் கூப்பிட்டுக் கேக் வெட்டுவார். அந்த வருடத்தில் ஒரு நாளும் லீவு எடுக்காதவருக்கு ஒரு சான்றிதழும் ஒரு சுவர் மணிக்கூடும் கொடுப்பார். மூன்று வருடமும் அது அனுஷியாவுக்கே போனது. போட்டிக்கு ஆள் இருக்கவில்லை. இரத்தம் எடுக்கும் கிளெமென்ற், இந்த முறையும் மணிக்கூடு கொட்டாஞ்சேனைக்குத்தான் என்று செப்டெம்பரிலேயே சொல்லத் தொடங்கிவிடுவான்.

அவள் லீவு எடுக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. கேட்கக் கூச்சம், அவ்வளவுதான். விஞ்ஞானப் பட்டதாரி. இயந்திரத்தோடு நாள் முழுக்க இருக்கச் சொன்னால் இருப்பாள். முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று எனக்கு ஒரு நாள் வேண்டும் என்று சொல்வதைவிட, அந்த நாளையும் வேலை செய்து கழித்துவிடுவது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

லீவுப் படிவத்தில் இரண்டு கோடுகள் முக்கியம். ஒன்று, காரணம். மற்றது, பதில் கடமை பார்ப்பவரின் கையெழுத்து. அந்த இரண்டாவது கோட்டில் கையெழுத்துப் போடுபவர் அன்றைக்கு இரண்டு பேரின் வேலையைச் செய்ய வேண்டும். கையெழுத்து இல்லாத படிவத்தை யோகநாதன் தொட்டும் பார்க்க மாட்டார். ஆகவே எல்லோரும் படிவத்தை அனுஷியாவிடம் கொண்டுவந்தார்கள். அவள் மறுத்ததில்லை. கிளெமென்றின் மன்னார்ப் பெரியம்மா ஒரே வருடத்தில் இரண்டு தடவை காலமானபோதும் அவளே கையெழுத்துப் போட்டாள்.

ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து மட்டக்குளி பஸ்ஸில் ஏறி, அபூர்வமாகக் கிடைத்த யன்னல் இருக்கையில் கண்ணை மூடினாள். பஸ் பம்பலப்பிட்டியை நெருங்கும்போது 2.1 என்ற எண் மனதுக்குள் வந்து நின்றது. நல்ல எண். சுகமான எண். ஆனால் அது யாருடைய எண்?

தினமும் காலையில் நோயாளிகளின் இரத்தத்தைப் போடுவதற்கு முன்னால், அளவு ஏற்கனவே தெரிந்த ஒரு குப்பியை இயந்திரத்தில் போட்டுப் பார்ப்பார்கள். அதற்குப் பெயர் கொன்ட்ரோல். அது சரியாக வந்தால்தான் அன்றைய முடிவுகளை நம்பலாம். 2.1 அன்றைய கொன்ட்ரோலின் எண். அதை அவள் இன்னோர் இடத்திலும் தட்டச்சுச் செய்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரின் தைரொயிட் அறிக்கையில். அந்தப் பெண்ணின் உண்மையான எண் 11.8, உடனே மருந்து தொடங்க வேண்டிய அளவு.

பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி, எதிர்ப்பக்கம் கடந்து, வந்த வழியே திரும்பினாள். நிலையத்தின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். அறிக்கை உறைக்குள், மறுநாள் காலை கொடுக்க வேண்டியவற்றின் பெட்டியில் இருந்தது. கிழித்துப் போட்டாள். சரியான எண்ணோடு வேறு அச்சிட்டாள். காவலாளி எதையும் கேட்கவில்லை. ஒருவருக்கும் தெரியாது.

ஒருவருக்கும் தெரியாமல் விட்டிருக்கலாம். மறுநாள் காலை அவள் பிழைப் பதிவேட்டை எடுத்தாள். அதில் ஏழு மாதமாக ஒருவரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நடந்ததை நான்கு வரியில் எழுதினாள். காரணம் என்ற இடத்தில், ஓய்வின்மை என்று எழுதினாள்.

மத்தியானம் யோகநாதன் கூப்பிட்டார்.

"என்ன பிள்ளை இது? கவனக்குறைவு எண்டு மாத்தி எழுதும்."

"கவனக்குறைவு இல்ல சேர். களைப்பு."

இத்தனை வருடத்தில் அவள் அவரை மறுத்துப் பேசிய முதல் வாக்கியம் அது. அவர் கோபப்படவில்லை, சிரித்தார். தான் பதினொரு வருடமாக ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை என்றும், தனக்குக் களைப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்றும் சொன்னார். சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றி இரண்டு கண்களையும் கசக்கினார்.

அன்று வீட்டுக்குப் போனதும் பெட்டிக்கு அடியில் கிடந்த தன் நியமனக் கடிதத்தை எடுத்தாள். கையெழுத்துப் போட்ட நாளில் சம்பளத்தை மட்டும் பார்த்திருந்தாள். இப்போது முழுவதையும் வாசித்தாள். வருடத்துக்குப் பதினான்கு நாள் விடுமுறை, முழுச் சம்பளத்துடன். அதில் ஏழு நாளாவது தொடர்ச்சியாக எடுக்க வேண்டும். எடுக்காத நாட்கள் டிசெம்பர் முப்பத்தொன்றோடு இல்லாமல் போகும். முடிந்த மூன்று வருடத்தின் நாற்பத்திரண்டு நாளும் ஏற்கனவே போய்விட்டது. மிச்சம் இந்த வருடத்தின் பதினான்கு.

ஏழு நாள் எடுப்பது என்று முடிவு செய்தாள். எங்கே போவது, என்ன செய்வது என்றெல்லாம் முடிவு செய்யவில்லை.

வீட்டில் சொன்னபோது தாய் இராமலெட்சுமி அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து முகத்தைப் பார்த்தாள். யாரையாச்சும் பார்த்துட்டியா, என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றதும் கொஞ்சம் ஏமாந்தவள்போல அடுப்புக்குத் திரும்பிப் போனாள். அழகுமுத்துவுக்கு வேறு கவலை. புறக்கோட்டையில் நாட்சம்பளத்துக்கு மூட்டை இறக்குபவர் அவர். வராத நாளுக்குக் காசு இல்லை. முப்பது வருடமாக அவர் அறிந்த சட்டம் அதுதான்.

"ஏழு நாளும் சம்பளம் வெட்டுவாங்கல்ல?"

"வெட்ட மாட்டாங்கப்பா. சம்பளத்தோடதான்."

"வேல செய்யாம சம்பளமா? யாரு குடுப்பா? நல்லா வாசிச்சுப் பாரு புள்ள. கீழ எங்கயாச்சும் சின்ன எழுத்துல இருக்கும்."

அவள் கடிதத்தைத் திரும்பவும் வாசித்தாள். சின்ன எழுத்தில் ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை படிவத்தை எடுத்தாள். டிசெம்பர் முதல் வாரம் என்று நாட்களை எழுதினாள். காரணம்: ஓய்வு. அதை எடுத்துக்கொண்டு கிளெமென்றிடம் போனாள். இதுவரை அவனிடமிருந்து அவள் வாங்கித்தான் பழக்கம், கொடுத்ததில்லை. அவன் படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டினான்.

"தங்கச்சி, உங்களுக்கு இல்லாத கையெழுத்தா? ஆனா அந்த ஹோர்மோன் மெசின நான் தொட்டா அது செத்துப்போகும். பிறகு அதுக்கும் சேர்த்து நீங்கதான் லீவு போடணும், செத்த வீட்டுக்கு."

சிரித்துவிட்டுத்தான் சொன்னான். ஆனால் சொன்னது உண்மை. ஹோர்மோன் இயந்திரம் வந்த நாளிலிருந்து அதை இயக்குபவள் அவள் ஒருத்திதான். கம்பனி ஆள் வந்து எல்லோருக்கும் காட்டித்தான் போனான். மற்றவர்கள் தடுமாறியபோது சொல்லிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை. சொல்வதைவிடத் தானே செய்துவிடுவது சுலபம் என்று செய்தாள். அது ஒரு நாள், ஒரு மாதம், மூன்று வருடம் என்று ஆகிவிட்டது. தன்னை யாரோ கட்டிப்போட்டார்கள் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, முடிச்சுப் போட்டது தன் கைதான் என்று அப்போது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. தான் போட்ட முடிச்சைத் தான் அவிழ்க்கலாம்.

சாப்பாட்டு நேரத்தில் ஷஹீமாவிடம் போனாள். ஷஹீமா சிறுநீர்ப் பரிசோதனை மேசையில் இருப்பவள், இரண்டு பிள்ளைகளின் தாய், வாய் ஓயாதவள். நான்கு கிழமை தினமும் அரை மணித்தியாலம் தந்தால் இயந்திரத்தைப் பழக்கிவிடுகிறேன் என்றாள் அனுஷியா. பதிலுக்கு எனக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றும் சொன்னாள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னதில் அவள் காது சிவந்துபோனது.

ஷஹீமா சோற்றுப் பார்சலை மடித்து வைத்தாள். "எனக்கு அந்த மெசினக் கண்டாலே பயமா ஈக்கு. ஆனா ஒன்ட கையெழுத்துல நான் எத்தன நாள் புள்ளைகளோட வீட்ட இருந்திருப்பேன். நாளைக்கே தொடங்குவம்."

முதல் கிழமை பெரும் பாடு. அனுஷியாவின் குரல் இயந்திரத்தின் இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோனது. சத்தமாகக் கதை, மெசினுக்கே கேட்கவில்லை, என்று ஷஹீமா ஏசினாள். இரண்டாம் கிழமை குரல் கொஞ்சம் ஏறியது. மூன்றாம் கிழமை ஒரு நாள், காலாவதியான மருந்துக் குப்பியை வேண்டுமென்றே இயந்திரத்தில் வைத்துவிட்டு, கொன்ட்ரோல் ஏன் பிழையாக வருகிறது, கண்டுபிடி என்று விட்டாள். ஷஹீமா இருபது நிமிடம் வியர்த்தாள். கண்டுபிடித்ததும், ஒரு கொப்பியை எடுத்து அதைத் தன் பாஷையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

அந்த மூன்றாம் கிழமையில்தான் யோகநாதன் கதவடியில் வந்து நின்று பார்த்தார். ஷஹீமா போகும்வரை காத்திருந்தார்.

"உம்மட வேலைய மற்றவைக்குப் பழக்கிப்போட்டு, பிறகு உமக்கு இஞ்ச என்ன வேலை, பிள்ளை?"

சிரித்த முகத்தோடுதான் கேட்டார். அனுஷியா அந்தச் சிரிப்பை இரண்டு நாள் சுமந்துகொண்டு திரிந்தாள். வெள்ளவத்தையில் பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு மாதமும் யாராவது ஒரு பிள்ளை சுயவிபரக் கோவையோடு வந்து வரவேற்பு மேசையில் நின்றது. அப்பாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது. ஏழு நாளுக்காக இதையெல்லாம் பணயம் வைப்பதா?

இரண்டாம் நாள் மாலை, முடிவுகளைத் தட்டச்சுச் செய்யும்போது ஓர் எண்ணை மூன்று தடவை சரிபார்த்தாள். மூன்றாம் தடவையும் சந்தேகமாகவே இருந்தது. ஒக்டோபருக்குப் பிறகு அவள் எல்லா எண்களையும் இப்படித்தான் பார்க்கிறாள். தான் இல்லாவிட்டால் நடக்காது என்று ஆக்கி வைத்த வேலையை, இப்படியே போனால் தானே ஒரு நாள் பிழையாகச் செய்வாள். அன்றைக்கு பஸ்ஸில் நினைவு வராமலும் போகலாம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பாடத்தைத் தொடர்ந்தாள்.

நவம்பர் கடைசியில், ஷஹீமாவின் கையெழுத்தோடு படிவத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். யோகநாதன் வாசித்தார்.

"ஓய்வு எண்டு ஒரு காரணமோ? எங்க போறீர்?"

"ஒரு இடமும் போகல்ல சேர்."

"கலியாணம், கோயில், சுகமில்லை, ஏதாவது எழுதும். நான் கேக்க மாட்டன்."

"ஓய்வுதான் சேர்."

அவர் கதிரையில் சாய்ந்தார். டிசெம்பரில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களால் கூட்டம் கூடும் என்றார். சித்திரையில் பார்க்கலாம் என்றார். அவள் நகரவில்லை. சரி, ஏழு நாளுக்குமான காசைத் தனியாகத் தருகிறேன், வேலைக்கு வாரும் என்றார். அப்பாவுக்கு அது இரண்டு கிழமை மூட்டை. அவள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு, "வேணாம் சேர்" என்றாள்.

"இந்த முறை மணிக்கூடும் இல்லையே, பிள்ளை."

"பரவாயில்ல சேர்."

அதற்கு மேல் அவளிடம் வாதம் இல்லை. வாதாட அவளுக்கு வராது. ஆனால் பேசாமல் நிற்க வரும். அதில் அவளை வெல்ல அந்த நிலையத்தில் ஆள் இல்லை. நின்றாள். யோகநாதன் ஒரு கடிதத்தைப் பிரித்து வாசித்தார். நின்றாள். தொலைபேசியில் ஒரு டொக்டரோடு நாட்டு நடப்புப் பேசி முடித்தார். நின்றாள். வெளியே யாரோ அறிக்கை கேட்டுச் சத்தம் போட்டார்கள். படிவத்துக்கும் அவளுக்கும் இடையில் அவர் கண் இரண்டு தடவை போய் வந்தது. கடைசியில் பேனையைத் திறந்தார்.

"லீவு நடுவில ஒரு மணித்தியாலம் வந்தாலும் அண்டைக்கு வந்ததாத்தான் பதிவன். தெரியும்தானே? பிறகு ஏழு நாள் தொடர்ச்சி எண்டு சொல்லிக்கொண்டு வரக்கூடாது."

"தெரியும் சேர்."

முதல் நாள் விடிய நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழும்பி உட்கார்ந்தவள், எதற்காக எழும்பினோம் என்று தெரியாமல் மறுபடி படுத்தாள். ஒன்பது மணிவரை உறக்கம். எழும்பியபோது கை கால் எல்லாம் வலித்தது. அவ்வளவு நாளும் வலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, கவனிக்க நேரம் இருக்கவில்லை. இரண்டாம் நாளும் உறக்கம். இராமலெட்சுமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. மூன்றாம் நாள் தாயும் மகளும் சந்தைக்குப் போய், அவசரமில்லாமல் நான்கு கடையில் விலை கேட்டு, மீன் வாங்கினார்கள். அன்று சாப்பிட்ட மீன் குழம்பின் உறைப்பு நாக்கில் நின்றது.

நான்காம் நாள் காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி அடித்தது. யோகநாதன்.

கொன்ட்ரோல் இரண்டு தடவையும் பிழையாக வந்துவிட்டது என்றார். முப்பத்தாறு பேரின் இரத்தம் காத்திருக்கிறது, ஷஹீமா இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள் என்றார். பின்னால் ஷஹீமாவின் குரலும் கேட்டது, என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை.

"எங்க நிக்கிறீர் பிள்ளை? கொழும்பிலயோ, வெளியிலயோ?"

இராமலெட்சுமி குசினி வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். தூரத்தைக் காட்டினாள். மலைப்பக்கம் என்று வாயசைத்தாள். ஹட்டன், ஹட்டன், என்று சொல்லு. ஒரு சொல்தான். சொன்னால் கதை முடிந்தது. ஒருவருக்கும் மனம் நோகாது, கொட்டாஞ்சேனையிலிருந்து ஹட்டனை யார் பார்க்கப் போகிறார்கள்?

"வீட்டிலதான் சேர்" என்றாள் அனுஷியா.

அந்தப் பக்கம் மூச்சு இளகியது. "அப்ப நல்லதாப் போச்சு. நான் ஓட்டோ அனுப்புறன். ஒரு மணித்தியாலம். செய்துபோட்டுப் போம்."

"வரமாட்டன் சேர்."

"என்ன, சுகமில்லையோ?"

"சுகம் சேர்."

"ஆரும் வந்திருக்கினமோ?"

"இல்ல சேர். சும்மாதான் இருக்கிறன்."

"சும்மா இருக்கிறீர், ஆனா வரமாட்டீர்?"

"லீவில இருக்கிறன் சேர்."

  பிறகு, நான்கு கிழமை பழகிய அந்தக் குரலில், இயந்திர இரைச்சலுக்கு மேலால் கேட்கும் குரலில், சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "கொன்ட்ரோல் சரிவராம ஒரு முடிவும் வெளியில விடாதீங்க சேர். அவசரமான இரத்தம் ஏதும் இருந்தா இப்பவே வேற இடத்துக்கு அனுப்புங்க. மற்றது ஒரு நாள் பிந்தினா ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகாது. பிழையாப் போனாத்தான் ஆகும். ஷஹீமாவுக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில நிக்காம, அவவத் தனிய விடுங்க."



"வந்த பிறகு கதைப்பம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இராமலெட்சுமி கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். "ஒரு பொய் சொன்னா என்னா கொறஞ்சா போயிரும்? இப்ப வேல போச்சுன்னா?"

 வேலை போகலாம். திங்கட்கிழமை அவர் என்ன கதைப்பார் என்று அனுஷியாவுக்குத் தெரியாது. ஆனால் ஹட்டன் என்று சொல்லியிருந்தால், அடுத்த வருடமும் ஹட்டன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கடுத்த வருடம் ஒரு பெரியம்மாவைச் சாகடிக்க வேண்டும். வீட்டில் சும்மா இருப்பதற்குத்தான் இந்த ஏழு நாள் என்று ஒரு தடவையாவது வாயால் சொல்லிவிட்டாள். இனி சொன்னது சொன்னதுதான்.

தரையில் உட்கார்ந்து, தொலைபேசியை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தாய் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போனது. நாற்பது நிமிடம் கழித்து ஷஹீமாவின் குறுஞ்செய்தி வந்தது.

புதுக் குப்பியை யாரோ குளிர்சாதனப் பெட்டியில் வைக்க மறந்து, விடியும்வரை வெளியில் வைத்திருக்கிறார்கள். மாற்றிப் போட்டேன். கொன்ட்ரோல் சரி. அவசரமான இரண்டை அதற்கு முதலே வேறு இடத்துக்கு அனுப்பியாச்சு. முப்பத்துநாலும் ஓடுது. நீ வராதே.

கடைசி வரியை அவள் இரண்டு தடவை வாசித்தாள். தான் இல்லாமல் இயந்திரம் ஓடுகிறது. இந்தச் செய்திக்குத்தான் மூன்று கிழமையாகப் பயந்துகொண்டிருந்தாள். வந்துவிட்டது. வந்து பார்த்தால், தோளிலிருந்து யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. இரவு படுத்தாலும் இறங்காத மூட்டை அது.

தொலைபேசியை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தாள்.

"இப்ப என்னா செய்யப்போற?" என்று தாய் கேட்டாள்.

"தெரியலம்மா. தூங்கப்போறேன்."

பாயை விரித்தாள். வெளியே தெருவில் மீன்காரன் கூவிக்கொண்டு போனான், பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ ஒப்புவித்தார்கள், எல்லோரும் வேலையில் இருந்தார்கள். வெயில் யன்னல் வழியாகப் பாயின் கால்மாட்டுக்கு வந்தது. அனுஷியா காலை மடக்கி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இன்னும் மூன்றரை நாள் இருந்தது.